சிக்கனமாய் ஒரு பனிமலைப் பயணம்

வழியைத் தேடுமுன் துணையைத் தேடு என்பது அரபு மக்களின் பழமொழி. ஒருவர் நல்லவர் என்று சாட்சி சொல்ல வந்த மனிதரிடம், அவருடன் பயணம் செய்ததுண்டா என்று உமர் (ரலி) அவர்கள் வினவியதாகச் சொல்லப்படும் செய்தியும் நம் இல்லங்களில் பலரும் அறிந்ததே. பயணம் மனிதனை உரைத்துப் பார்க்கும் கல். அதிலும் கையிருப்புக் குறைவாக உள்ள இருவர், பொருட்செலவு மிகுந்த ஓர் இடத்துக்குச் சேர்ந்து புறப்படுவார்களானால், உரைகல்லின் கடுமை இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஓதிக்கொடுக்கும் பணியின் பொருட்டுச் சில மாதங்கள் சிகாகோவில் தங்கியிருந்தேன். கல்லூரியில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவர் அந்நகரில் பல ஆண்டுகளாக வாழ்கிறார். பண்டகசாலை ஒன்றில் மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. அவர் ஒருநாள், "ஹஜ்ரத், மேற்கே போய் ஒருமுறையாவது அந்தப் பனிமலையில் சறுக்கிப் பார்த்துவிட வேண்டும். இருபது வருடமாக இந்த நாட்டில் பனியை அள்ளிக் கொட்டுகிறேனே தவிர, அதில் ஒருநாள்கூட விளையாடியதில்லை" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. ஊருக்குப் பணம் அனுப்பியே இளமையைக் கழித்த ஒரு மனிதரின் சிறிய ஆசை அது. ஆனால் அந்த ஆசைக்காக ஊருக்குச் செல்லும் பணத்தில் ஒரு காசும் குறையக் கூடாது என்பதில் அவரே உறுதியாக இருந்தார். ஆளுக்கு ஆயிரம் டாலர், அதற்கு மேல் இல்லை என்று எல்லை வகுத்தோம். அவர் இழக்கப்போகும் நாட்கூலியையும் செலவுக் கணக்கிலேயே எழுதினோம். விடுப்பின் விலையைச் சேர்க்காமல் போடும் பயணக் கணக்கு பொய்க்கணக்கு.

பணக்காரர் விளையாட்டா?

இரு கால்களிலும் நீண்ட மெல்லிய பலகைகளைப் பூட்டிக்கொண்டு, பனி மூடிய சரிவில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. இன்று இது செல்வந்தர்களின் பொழுதுபோக்காகக் காட்சியளிக்கிறது. ஆனால் இதன் பழைய வரலாறு ஏழைகளுடையது.

12ஆம் நூற்றாண்டில் கிரனாடாவைச் சேர்ந்த அபூஹாமித் அல்கர்னாத்தி என்னும் முஸ்லிம் பயணி, வோல்கா நதிக்கரையிலிருந்த பல்கார் நாடுவரை சென்றார். அதற்கும் வடக்கே, பனி நீங்காத நிலத்தில் வாழும் மக்கள் கால்களில் பலகை கட்டி நடப்பதை அவர் தம் நூலில் விவரித்துள்ளார். பலகையின் முன்னும் பின்னும் தரையினின்று உயர்ந்திருக்கும் என்றும், நடுவில் கால் வைக்க இடமும் தோல்வாரும் இருக்கும் என்றும் அவர் எழுதுகிறார். அம்மக்களுக்கு அது விளையாட்டன்று. வணிகத்துக்கும் வேட்டைக்கும் உரிய வழிநடைக் கருவி.

அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கும் இது உழைப்பாளிகளுடனேயே வந்தது. நார்வேயில் பிறந்த ஜான் தாம்சன் என்பவர், 1856 முதல் ஏறத்தாழ இருபது பனிக்காலங்கள், கலிஃபோர்னியாவின் பிளாசர்வில் என்னும் ஊரிலிருந்து சியரா நெவாடா மலையைக் கடந்து, இன்றைய நெவாடா மாநிலத்தின் ஜெனோவா என்னும் ஊருக்குத் தபால் மூட்டையை முதுகில் சுமந்து சென்றார். தொலைவு சுமார் 90 மைல். பத்தடி நீளமுள்ள மரப்பலகைகளும் ஒற்றைக் கழியுமே அவருடைய வாகனம். அத்தனை உழைப்புக்கும் உரிய ஊதியம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது வேதனைக்குரிய செய்தி.

மலைமீது ஏற இயந்திரம் வந்த பின்னரே இது பணம் புரளும் தொழிலாயிற்று. 1936இல் யூனியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்னும் பனிச்சறுக்குத் தலத்தை அமைத்தது. கப்பலில் வாழைத்தார்களை ஏற்றும் இயந்திரத்தைப் பார்த்திருந்த அந்நிறுவனப் பொறியாளர் ஒருவர், தார் தொங்கும் கொக்கிக்குப் பதிலாக நாற்காலியைத் தொங்கவிட்டார். உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் பிறந்தது. மனிதன் நடந்து ஏற வேண்டிய மலையில் அமர்ந்தே ஏறலானான்; அமர்வதற்கு விலையும் ஏறலாயிற்று. கொலராடோ மாநிலத்தின் புகழ்பெற்ற வெயில் மலையில், 2024-25 பருவத்தின் நெரிசல் நாள்களில் ஒருநாள் லிஃப்ட் டிக்கெட்டை நேரில் வாங்குவோருக்கு விலை 300 டாலரைத் தாண்டிவிட்டது.

விலையின் சூட்சுமம்

இந்த 300 டாலரைக் கண்டு அஞ்சித் திரும்பிவிடக் கூடாது. அந்த விலை ஏன் அப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆராய வேண்டும். பனி எப்போது பொழியும், எவ்வளவு பொழியும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். பனி பொய்த்தால் மலை நிறுவனங்களுக்கு நட்டம். எனவே பனி விழுமுன்னரே மக்களிடம் பணத்தை வாங்கிவிட அவை விரும்புகின்றன. 2008இல் வெயில் நிறுவனம் எபிக் என்னும் பருவ அட்டையை 579 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2018இல் மற்றொரு நிறுவனம் ஐகான் என்னும் அட்டையைக் கொண்டுவந்தது. சிறிய, தனியார் மலைகளுக்கென 2019இல் இண்டி அட்டை வந்தது. பருவம் முழுவதும் செல்ல இயலாதவர்களுக்காகச் சில நாள்களுக்கு மட்டும் உரிய அட்டைகளும் உண்டு. இவற்றை இலையுதிர் காலத்திலேயே வாங்கிவிட வேண்டும். பனிக்காலம் தொடங்கியதும் விற்பனை நின்றுவிடும், அல்லது விலை உயர்ந்துவிடும். ஆக, வாசலில் எழுதியிருக்கும் பெரிய விலை, முன்யோசனை இல்லாதவர் செலுத்தும் அபராதம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் அவ்வாறே. கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரி மூன்றாம் திங்களன்று வரும் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரி மூன்றாம் திங்களன்று வரும் அதிபர்கள் நாள் ஆகியவற்றை ஒட்டிய விடுமுறைகளில் எல்லாம் விலை உச்சத்தில் நிற்கும். ஜனவரியின் கடைசி வாரத்து வேலைநாள்களில் பனியும் நிறைந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். அந்த வாரத்தையே நாங்கள் குறித்தோம்.

எந்த மலை?

நண்பரின் மனத்தில் வெயில், ஆஸ்பென் என்னும் பெரிய பெயர்களே இருந்தன. "போவதுதான் போகிறோம், பேர்பெற்ற இடமாகப் போகலாமே" என்றார். நான் சொன்னேன்: "வெயில் மலையின் சறுக்கு நிலம் 5,300 ஏக்கருக்கு மேல். நமக்கோ பலகையில் நிற்கவே தெரியாது. முதல் இரண்டு நாளும் நூறு கஜம் சரிவிலேயே உருண்டு கொண்டிருப்போம். நீந்தத் தெரியாதவனுக்குக் கடல் எதற்கு, குளம் போதாதா?" அவர் சிரித்தார், ஆயினும் உடனே இணங்கவில்லை. மூன்று இரவுகள் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து இருவரும் வாதாடினோம்.

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியை முதலில் எண்ணினோம். 2002இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த நகரம் அது. விமான நிலையத்துக்கு அருகிலேயே மலைகள். நகரிலிருந்து பள்ளத்தாக்குகளுக்குப் பொதுப் பேருந்து செல்கிறது. வாடகைக் கார் தேவையில்லை என்பது பெரும் சேமிப்பு. கொலராடோவில் கார் எடுத்தால் வேறொரு தொல்லை உண்டு: டென்வரிலிருந்து மலைக்குச் செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலையில், செப்டம்பர் முதல் மே வரை பனிக்கேற்ற டயர் அல்லது சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சாதாரண டயருடன் வாடகைக் காரில் புறப்படுவது உயிருக்கும் பணத்துக்கும் கேடு.

இறுதியில் எங்கள் கண் வின்டர் பார்க் மேல் விழுந்தது. டென்வர் மாநகராட்சி தன் மக்களுக்காக மலையில் அமைத்த பூங்கா அது. பெயரே அதற்குச் சான்று. 1940இல் திறக்கப்பட்டது. நடத்துவது இன்று தனியார் நிறுவனமாயினும், மலையின் உரிமை இன்றும் நகரத்துக்கே உரியது. எல்லாவற்றிலும் மேலாக, சிகாகோவிலிருந்து புறப்படும் கலிஃபோர்னியா ஸெஃபிர் ரயில் அருகிலுள்ள ஃபிரேஸர் நிலையத்தில் நிற்கிறது. ஊருக்குள் கட்டணமில்லாப் பேருந்து ஓடுகிறது. விமானத்தில் டென்வர் வருவோருக்கும் வழி உண்டு: 2017 முதல் பனிக்காலத்தில் டென்வர் யூனியன் நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்கே தனி ரயில் விடப்பட்டது, 2024-25 பருவத்தில் அதன் ஒருவழிக் கட்டணம் 19 டாலரிலிருந்து தொடங்கியது. காரின்றி, பெட்ரோலின்றி, சறுக்கும் சாலையில் உயிரைப் பணயம் வைக்காமல் சென்றுவர முடியும் என்று கண்டபோது நண்பரின் முகம் மலர்ந்தது.

எதில் சிக்கனம் கூடாது

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்தோம். ஒருபுறம் குறைக்கக் கூடியவை. மறுபுறம் தொடக் கூடாதவை.

குறைக்கக் கூடியவற்றில் உடை முதலானது. சிகாகோவில் வாழ்பவர் வீட்டில் கனத்த மேலங்கிக்குப் பஞ்சமில்லை. நீர் புகாத காற்சட்டையையும் கையுறையையும் தெரிந்தவர்களிடம் இரவல் பெற்றோம். பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் ஆகா. வியர்வையிலும் பனியிலும் நனைந்தால் அவை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியே தக்கது. பலகையையும் பூட்ஸையும் மலையடிவாரத்தில் எடுப்பதைவிட ஊருக்குள் இருக்கும் கடையில் வாடகைக்கு எடுப்பது மலிவு. உணவுக்காக அடுப்புடன் கூடிய எளிய தங்குமிடத்தைத் தேடினோம். அரிசி, பருப்பு, ஊறுகாய், சமைத்து உறைய வைத்த ஹலால் இறைச்சி ஆகியவை எங்களுடன் பயணம் செய்தன. நம் சகோதரிகளுக்கு ஒரு செய்தி: வின்டர் பார்க் அடிவாரமே 9,000 அடி உயரம், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 91 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு எளிதில் வேகாது. ஒரு சிறிய பிரஷர் குக்கரைப் பெட்டியில் வைத்தவர் நண்பரின் மனைவி; அந்த அம்மையாருக்கு நாங்கள் கடமைப்பட்டோம்.

தொடக் கூடாதவை மூன்று. முதலாவது மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவில் ஒரு கால் எலும்பு முறிந்தால், காப்பீடில்லாத பயணி ஊரிலுள்ள வீட்டை விற்க நேரலாம். அதைவிட முக்கியமானது, பயணிகளுக்கான பல காப்பீடுகள் பனிச்சறுக்கு விபத்தை ஏற்பதில்லை என்பது. சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளை வரிவரியாகப் படித்து, பனிச்சறுக்கையும் உள்ளடக்கிய காப்பீட்டையே எனக்கு வாங்கினேன். என் மனைவி மக்களின் அமானிதத்தை மலைச்சரிவில் உருட்டிவிட எனக்கு உரிமை ஏது? இரண்டாவது பயிற்சி. தெரிந்தவர் சொல்லிக் கொடுப்பார் என்று நம்பி மலையேறுவோரே அடிபடுகின்றனர். புதியவர்களுக்கெனப் பயிற்சி, பலகை வாடகை, தொடக்கச் சரிவு டிக்கெட் மூன்றையும் சேர்த்துப் பல மலைகள் ஒரே கட்டணத்தில் தருகின்றன. தனித்தனியே வாங்குவதைவிட அதுவே ஆதாயம். மூன்றாவது தலைக்கவசம்.

நண்பருடன் செய்துகொண்ட உடன்பாட்டையும் புத்தகத்தில் எழுதினோம். மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்குவது நம் மரபு. நாங்கள் இருவரேயாயினும் பணப்பைக்கு அவர் தலைவர், நேரத்துக்கு நான் தலைவர் என்று வகுத்தோம். ஒருவர் "போதும்" என்று சொன்னால் மற்றவர் வற்புறுத்தக் கூடாது. ஒருவருக்கு நோவு வந்தால் இருவரும் இறங்கிவிட வேண்டும். பயணத்துக்கு முன் பத்து நிமிடம் பேசி முடித்துவிட்டால், பின்னர் பத்து ஆண்டு மனக்கசப்பைத் தவிர்க்கலாம்.

ரயிலில்

பிற்பகலில் சிகாகோவை விட்ட ரயில், அந்தி மயங்கும் வேளையில் பர்லிங்டன் அருகே மிஸிஸிப்பி நதியைக் கடந்தது. இரவெல்லாம் நெப்ராஸ்கா சமவெளி. இருக்கையிலேயே உறங்கினோம், படுக்கை அறையின் விலை எங்கள் புத்தகத்துக்குள் அடங்காது. விடியலில் டென்வர். அங்கிருந்து ரயில் வளைந்து வளைந்து மலையேறுகிறது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசியில் வருவது 1928இல் திறக்கப்பட்ட மோஃபட் சுரங்கம், நீளம் 6.2 மைல். உள்ளே சுமார் பத்து நிமிடம் இருள். பெட்டிக்குப் பெட்டி நடக்க வேண்டாம் என்று பணியாளர் அறிவித்தார். அந்த இருளுக்கு மேலே கண்டத்தின் நீர்ப்பிரிமுகடு இருக்கிறது. அதன் ஒருபுறம் விழும் பனி உருகி அட்லாண்டிக் பக்கம் ஓடும். மறுபுறம் விழுவது பசிபிக் பக்கம் ஓடும். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தபோது, எதிரே வெள்ளை மலை. நண்பர் ஒன்றும் பேசவில்லை. "சுப்ஹானல்லாஹ்" என்ற சொல் மட்டும் அவர் வாயினின்று மெல்ல வந்தது.

வந்த அன்று சறுக்கவில்லை. உயரமான இடத்தில் காற்றில் உயிர்வளி குறைவு; தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரக்கூடும். நிறையத் தண்ணீர் அருந்தி ஓய்வெடுத்தோம். கட்டணமில்லாத ஓய்வே மறுநாள் கட்டணத்தைக் காத்தது.

மலையில்

பயிற்சியாளர் முதலில் கற்பித்தது விழுவதை. பிறகு எழுவதை. பிறகு பலகைகளின் முன்னுனிகளைச் சேர்த்துப் பின்புறத்தை விரித்து, ஆப்பு வடிவில் நின்று வேகத்தைக் குறைப்பதை. சரிவுகளுக்கு அங்கே அடையாளக் குறிகள் உண்டு: பச்சை வட்டம் எளியது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். நாங்கள் பச்சை வட்டத்தை விட்டு அகலவில்லை. நாலு வயதுக் குழந்தைகள் கழியும் இல்லாமல் எங்களைக் கடந்து சென்றன. நாற்பதைக் கடந்த உஸ்தாது, மாணவனாக மண்டியிட்டுக் கிடந்தேன். அதுவும் ஒரு நல்ல பாடம்.

நேரத்துக்கு நான் தலைவரல்லவா? மலை காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை நான்குக்கு மூடும். ஜனவரியில் லுஹர் நண்பகலை ஒட்டி வந்துவிடும். எனவே பன்னிரண்டுக்கு இறங்கி, இறுக்கமான பூட்ஸைக் கழற்றி, உளூச் செய்து, ஓய்வுக்கூடத்தின் ஓர் ஓரத்தில் தொழுது, கட்டுச்சோற்றை உண்டு, மீண்டும் ஏறினோம். கால்களுக்கும் அந்த இடைவேளை தேவையாக இருந்தது. பனி, சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி வீசும். ஆகவே கறுப்புக் கண்ணாடியும் முகப்பூச்சும் நம் நிறத்தவருக்கும் அவசியமே.

இரண்டாம் நாள் பிற்பகல், ஆரஞ்சு நிற மேலாடை அணிந்த ஒருவர் எங்களைக் கடந்து இறங்கினார். அவருக்குச் சற்றுப் பின்னே ஒருவர், "இடப்புறம், இடப்புறம், இப்போது வலப்புறம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். முன்னே சென்றவருக்குப் பார்வை இல்லை. உடல் ஊனமுற்றோருக்கான பனிச்சறுக்குப் பயிற்சி இந்த மலையில் 1970 முதல் நடந்து வருகிறது. டென்வர் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த, உறுப்பிழந்த சிறுவர்களுக்கு அளித்த பயிற்சியில் தொடங்கி, அது இன்று பெரிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. கண்ணில்லாதவர் ஒருவர், துணைவரின் குரலை மட்டும் நம்பி, நாங்கள் அஞ்சி நின்ற சரிவில் அச்சமின்றி இறங்கிச் சென்றார். துணை என்பதன் பொருளை அதைவிடத் தெளிவாக எந்தக் கிதாபிலும் நான் ஓதியதில்லை.

அதன்பின் நண்பர் இன்னும் உயரத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார். என் முழங்கால் வலித்தது. "போதும்" என்றேன். மறுசொல் இல்லாமல் பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார். இருபது ஆண்டு காத்திருந்த மனிதர்! தனியே போய்வாருங்கள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. "எழுதியிருக்கிறோமே" என்றார்.

வாசகர்களுக்கு

நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இன்று அந்நாட்டில் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் இத்தகைய ஆசை எழுவது இயல்பு. அது தவறன்று. ஆசை எழும் மாதம் எது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டிசம்பரில் எண்ணி டிசம்பரில் புறப்படுபவருக்கு மலை மிகவும் விலையுயர்ந்தது. செப்டம்பரில் கணக்குப் புத்தகத்தைத் திறப்பவருக்கு அதே மலை, அதே பனி, பாதிச் செலவுக்கும் கிடைக்கக் கூடும். நாங்கள் பயிற்சியையும் டிக்கெட்டையும் அறையையும் முன்கூட்டியே முடித்துவிட்டதால், ஆயிரம் டாலர் எல்லையைத் தாண்டவில்லை. நண்பர் அந்த மாதமும் ஊருக்கு அனுப்ப வேண்டியதை முழுமையாக அனுப்பினார்.

பெரிய பெயரைத் தேடாமல் உங்கள் திறனுக்கேற்ற மலையைத் தேடுங்கள். காப்பீட்டுத் தாளைப் படித்துப் பாருங்கள். உடன் வருபவருடன் முன்னதாகவே மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, நல்ல துணையையும் நலமான திரும்புதலையும் தந்தருள்வானாக.